பத்து ரூபாய் மரக்கன்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்தில் நாங்கள் ஒரு சின்ன நாற்றங்கால் வைத்திருக்கிறோம். புரட்டாசி நடுவில் ஆரம்பித்து கார்த்திகை முடியும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்கன்றுகளைக் குறைந்த விலைக்கு விற்கிறோம். நேரில் வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன். கன்று வாங்க வருவதற்கு முன் ஒருமுறை படித்துவிட்டு வந்தால், வந்த இடத்தில் மரம் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

நீங்கள் யார்? எதற்காக இதை ஆரம்பித்தீர்கள்?

நாங்கள் ஏழு பேர். பூ விவசாயிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், டிராக்டர் ஓட்டுகிற தம்பி ஒருவர், நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார் இரண்டு பேர். சங்கம், பதிவு, நன்கொடை எதுவும் கிடையாது.

ஆரம்பித்ததற்குக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் அருகே கரை ஏறிய புயல், விடிவதற்குள் எங்கள் பக்கத்தை உலுக்கிவிட்டுப் போயிருந்தது. காலையில் கொல்லைக் கதவைத் திறந்தபோது எனக்கு முதலில் உறைத்தது வெளிச்சம்தான். எந்த நேரமும் நிழல் கட்டிக் கிடக்கும் இடத்தில் வெள்ளை வெளேரென்று வானம் தெரிந்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. அப்பா வைத்த பலா வேரோடு புரண்டு, வேரில் அப்பியிருந்த செம்மண் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. வரப்பில் இருந்த நாலு பனை மட்டும் மட்டை கிழிந்து, தலை கலைந்து, நின்ற இடத்திலேயே நின்றன.

ஆழ்குழாய்க் கிணறு வந்தபிறகு எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் தென்னை ஆனது. சோறு போட்ட மரம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தோப்பு முழுக்க அது ஒன்றுதான் என்று இருந்த வீடுகளில், ஒரு ராத்திரியில் வருமானம் மொத்தமும் படுத்துவிட்டது. நெட்டைத் தென்னையை மறுபடி வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருசம் ஆகும். அதுவரை என்ன செய்வது என்று தெரியாமல் மில் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மரம் என்று பேச்செடுத்தாலே வருகிற பெயர் சேந்தன்குடி ‘மரம்’ தங்கசாமி ஐயா. தன் நிலத்தைக் கற்பகச் சோலை என்று பெயர் வைத்து மரக்காடாக்கியவர். அவர் காலமானது 2018 செப்டம்பரில். புயல் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அவர் இருந்திருந்தால் யாரைக் கேட்பது என்று நாங்கள் யோசித்திருக்கவே மாட்டோம். இல்லாததால் எங்களுக்குள் கூடிப் பேச வேண்டியதாயிற்று.

மரம் வளர்ப்பது புண்ணியம் என்கிறீர்கள். அப்புறம் ஏன் காசு வாங்குகிறீர்கள்? இலவசமாகக் கொடுக்கலாமே?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான். முதல் வருசம் நாங்களும் இலவசமாகத்தான் கொடுத்தோம். ஒரு விழாவில் மைக் வைத்து, வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு கன்று. போட்டோ எல்லாம் நன்றாக வந்தது. பொங்கல் முடிந்து, கொடுத்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சைக்கிளில் கிளம்பினோம்.

ஒரு வீட்டில் கன்று இன்னும் பையிலேயே இருந்தது. பாத்திரம் விளக்குகிற இடத்தில், சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வேர் பையைக் கிழித்துக்கொண்டு, பக்கத்துச் சாக்கடை ஈரத்தைத் தேடிப் போயிருந்தது. தூக்கிப் பார்த்தால் வரவில்லை. அந்த வீட்டு அக்கா, “எந்த மரம்னே தெரியல தம்பி. குடுத்தாங்க, வாங்கிட்டு வந்தேன்” என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. கையில் வந்ததைத் திணித்துவிட்டு வந்திருந்தோம்.

அடுத்த வருசம் பத்து ரூபாய் விலை வைத்தோம். முதல் ஞாயிறே ஒரு ஆத்தா வந்தார். சுருக்குப் பையை அவிழ்த்து நாணயங்களை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு, இலுப்பைக் கன்று ஒன்றை எடுத்தார். எடுத்ததும் பையைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். “வேரு சுத்திக்கிட்டுக் கெடக்குடா தம்பி, வேற குடு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று கன்று பார்த்து, நான்காவதை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று எனக்கு இந்த வேலை பிடிபட்டது. பத்து ரூபாய் கொடுக்கிறவர் பார்த்து வாங்குகிறார். குறை சொல்கிறார். இது எவ்வளவு பெரிதாக வரும், எங்கே வைக்கலாம், ஆடு தின்னுமா என்று நாலு கேள்வி கேட்கிறார். பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு வந்துவிடுகிறது. அந்த ஆத்தா திருப்பிக் கொடுத்த மூன்று கன்றுகளைப் பார்த்த பிறகுதான், ஒரு வருசத்துக்கு மேல் பையில் கிடக்கும் கன்றை விற்பதில்லை என்று நாங்கள் முடிவெடுத்தோம். இலவசமாகக் கொடுத்த வருசத்தில் அதை எங்களிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்து ரூபாயும் கஷ்டம் என்று யாராவது சொன்னால், அவர் ஒரு பை வேப்பங்கொட்டையோ புங்கங்கொட்டையோ பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்துக் கன்று எடுத்துப் போகலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வாங்குகிறார்கள்.

விலை எவ்வளவு? அந்தப் பணம் எங்கே போகிறது?

விதையிலிருந்து நாங்களே வளர்த்த கன்று எதுவானாலும் 10 ரூபாய். பெரிய பையில் இருக்கும் இரண்டடிக்கு மேற்பட்ட கன்று 25 ரூபாய். ஒட்டு மா, ஒட்டுக் கொய்யா போன்றவற்றை வெளியிலிருந்து வாங்கிவந்து, வாங்கிய விலையோடு வண்டி வாடகையை மட்டும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

பணம் பைக்கும், செம்மண்ணுக்கும், எருவுக்கும், வெயில் காலத்தில் தினமும் தண்ணீர் ஊற்றுகிற அந்த இரண்டு அக்காமாரின் கூலிக்கும் போகிறது. கையில் மிச்சம் நிற்பதில்லை. வரவு செலவு நோட்டு மேசை மேலேயே இருக்கும். யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

என்னென்ன மரங்கள் இருக்கும்?

ஒவ்வொரு வருசமும் மாறும். எந்த மரம் அந்த வருசம் நன்றாகக் காய்த்ததோ அதற்கேற்ப அமையும். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை, நீர்மருது, புன்னை, மகிழம், வாகை, சரக்கொன்றை, வேங்கை, நெல்லி, வில்வம், விளா, கொடுக்காப்புளி, பலா, சீத்தா இவை எப்படியும் இருக்கும். பாலை, வீரை, காயா, உசிலை மாதிரி மெதுவாக வளர்பவை கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பாலை என்று சொன்னால் இப்போது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. சோழமண்டலக் கரையோரத்து வறண்ட பசுமைக்காட்டின் மரம் அது. எங்கள் மாவட்டத்தில் அய்யனார் கோயில் காடுகள் இருக்கிற இடத்தில் இன்றும் பெரிய பாலை மரங்கள் நிற்கின்றன. மஞ்சளாகச் சின்னப் பழம், கடித்தால் தித்திப்பு, உதட்டில் பால் ஒட்டும். எங்கள் வயதுக்காரர்கள் பழத்தைப் பார்த்ததும் “அட, பாலைப்பழம்” என்று நின்றுவிடுவார்கள். அதற்காகவே அந்தப் பழக்காலத்தில் ஒரு கூடை கொண்டுவந்து வைப்போம்.

வேம்பும் புங்கனும் போதாதா? எதற்கு இத்தனை வகை?

நல்ல மரங்கள்தான், நாங்களே நிறைய விற்கிறோம். ஆனால் ஊர் முழுக்க ஒன்றிரண்டு மரமே இருந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பார்த்தாகிவிட்டது. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, அடுத்தடுத்த வருசங்களில் தென்னை இருக்கிற இடமெல்லாம் பரவியது. இலையின் அடியில் வெள்ளை, மேலே கரும்பூஞ்சை, கீழே நிற்கிற வாழையிலும் அதே கருப்பு. தோப்பு தோப்பாகத் தொடர்ந்து தென்னையே இருந்ததால் அதற்கு எங்கேயும் தடை இல்லை. வேம்புக்கு ஒன்றும் வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். தெலங்கானாவில் வேப்ப மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து வந்ததைக் கேட்டபோது அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் விழுந்தவற்றில் நிறைய, அழகுக்காகவும் சீக்கிரம் நிழல் தரும் என்பதற்காகவும் வைத்த வெளிநாட்டு மரங்கள். வேர் ஆழம் போக இடமில்லாத சாலையோரத்தில், மேலே குடை விரிந்து கனத்துப் போன மரங்கள்.

அமெரிக்க ஊர்களில் டச்சு எல்ம் நோய் வந்து தெருத்தெருவாக எல்ம் மரங்கள் செத்துப்போன அனுபவம் உண்டு. அங்கே ஃபிராங்க் சாந்தமோர் என்ற மர ஆராய்ச்சியாளர் 1990-இல் ஒரு கணக்கு சொன்னார். ஒரு ஊரின் மரங்களில் ஒரே வகை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நெருங்கிய சொந்தமான வகைகள் சேர்ந்த ஒரே பேரினம் 20, பேரினங்கள் சேர்ந்த ஒரே குடும்பம் 30. அதை அப்படியே இங்கே கடைப்பிடிக்க முடியாது. ஆனாலும் எங்கள் மேசையில் ஒரு விதி வைத்திருக்கிறோம். பத்துக் கன்று வாங்கினால் நான்கு வகையாவது இருக்க வேண்டும். சிலர் கோபப்படுவார்கள். “எனக்கு அம்பது தேக்கு மட்டும் குடுங்க” என்பார்கள். ஐம்பது கேட்டால் முப்பது தேக்கு தருவோம், மீதி இருபதுக்கு வேறு மரங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம்.

இதெல்லாம் நோய்க்கும் புயலுக்கும் பயந்து சொல்கிற காரணம். எனக்கு அதைவிடப் பிடித்த காரணம் வேறு. பல வகை இருக்கும்போது வருசத்தில் எந்த மாதமும் ஏதாவது ஒன்று பூக்கும், ஏதாவது ஒன்று பழுக்கும். பங்குனியில் இலுப்பைப் பூ, ராத்திரியில் வௌவால் வந்து மொய்க்கும். சித்திரையில் கொன்றை. ஆனி, ஆடியில் நாவலும் வேம்பும் பழுத்து, குயிலும் மைனாவும் சண்டை போடும். பூவரசு எந்த மாதம் போனாலும் ஒரு பூவாவது வைத்திருக்கும். ஆலும் அத்தியும் மற்றது எதுவும் இல்லாத நேரத்தில் பழம் தரும். ஒரே மரம் நிற்கிற தோப்பில் அந்த மரத்துக் காலம் முடிந்ததும் பறவைக்கு வேலை இல்லை.

எந்த மரங்களை விற்க மாட்டீர்கள்?

கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை விற்க மாட்டோம். சீக்கிரம் வேலி மாதிரி அடர்ந்து வரும், வெயிலிலும் பச்சையாக நிற்கும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லை தருகிறது, வேர் குழாய்களுக்குள் புகுகிறது என்று புகார்கள் வந்து குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது. பிறகு தமிழ்நாட்டிலும் தடை வந்தது. பச்சைச் சுவர் வேண்டுமென்றால் நொச்சி, கிளுவை வாங்கிப் போங்கள். அவை எங்கள் ஊர் வேலிகளில் தலைமுறையாக நின்றவை.

தைலமரம் விற்பதில்லை. எங்கள் மாவட்டத்தில் அது ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று திருமயம் பக்கம் போனால் நீங்களே பார்ப்பீர்கள். சீமைக் கருவேலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வீட்டு மனை சின்னது. என்ன வைக்கலாம்?

ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் காலி இடம் என்றால் கறிவேப்பிலை, முருங்கை, சீத்தா, கொய்யா, எலுமிச்சை, நெல்லி. கொஞ்சம் கூடுதலாக இடம் இருந்தால் மகிழம். மெதுவாக வளரும், கிளை ஒழுங்காக இருக்கும், பூ காய்ந்தும் வாசம் போகாது. சுவரிலிருந்து பத்தடி விட்டு வையுங்கள். ஆல், அரசு, வாகை, இச்சி இவற்றை வீட்டோரம் வைக்க வேண்டாம். மேலே மின்கம்பி போனால் அந்த இடத்தில் குட்டை மரம் மட்டும். கம்பிக்கடியில் புங்கன் வைத்துவிட்டு, வருசா வருசம் மொட்டையடித்து நிற்க விடுவது அந்த மரத்துக்குக் கொடுமை.

தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். அதற்குள் வேறு மரம் வருமா?

வரும். எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். 25 அடி இடைவெளியில் தென்னை இருந்தால், நடுவில் வாழை, எலுமிச்சை போன்றவை வரும். மரம் வயதாகி மேலே போன பின் வெயில் இறங்கும், அப்போது இன்னும் தோதாக இருக்கும். பெரிய மரங்களுக்கு வரப்புதான் இடம். காற்று அடித்து வருகிற பக்கத்து வரப்பில் பனை விதையை நெருக்கமாகப் போட்டு, அதற்கு உள்பக்கம் புன்னை, பூவரசு, வேங்கை என்று கலந்து வையுங்கள். பலா வைக்கிறவர்கள் மேட்டு நிலமாகப் பாருங்கள். பலாவுக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. அய்ப்பசி மழையில் ரெண்டு நாள் நீர் நின்ற கொல்லையில் நல்ல பலாக்கன்றுகள் கருகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

தேக்கு, மகோகனி, செம்மரம் போன்ற தடிமரக் கன்றுகள் அதிக எண்ணிக்கையில் வேண்டுமென்றால் எங்களிடம் வாங்காதீர்கள். வேளாண் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் விவசாயிகளுக்கு அவை இலவசம். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். வரப்பில் நடுவதற்கு ஏக்கருக்கு 50, நிலத்துக்குள் நடுவதற்கு 160 என்று கன்று தருகிறார்கள். தழைத்து நிற்கிற கன்றுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. அந்தத் திட்டத்தில் கிடைக்காத நாட்டு மரங்களை எங்களிடம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வரப்பு நிறையும்.

எப்போது நடுவது நல்லது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பயிருக்கு. எங்கள் மாவட்டத்தில் மரத்துக்கு நம்பிக்கையான மழை வடகிழக்குப் பருவமழைதான். இரண்டு நல்ல மழை பெய்து, மண்வெட்டி போட்டால் ஓரடிக்கு ஈரம் தெரிய வேண்டும். அப்போது நட்டால் தை வரைக்கும் வேர் ஓட நேரம் கிடைக்கும். கார்த்திகை தாண்டி வருகிறவர்களிடம், தினமும் தண்ணீர் ஊற்ற வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கன்று தருவோம்.

நடும்போது செய்யக்கூடாதது என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கன்று சாவதில் பெரும்பகுதி நட்ட அன்றைக்கே தீர்மானமாகிவிடுகிறது.

பையோடு புதைக்காதீர்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இது நடக்கிறது. அடியை மட்டும் கிழித்துவிட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பையை ஒரு பக்கம் பிளேடால் கீறி முழுதாக உரித்து எடுங்கள். அதற்கு முந்தின நாள் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தால் மண் உதிராமல் கட்டியாக வரும். அடியில் வேர் சுற்றியிருந்தால் அந்தச் சுற்றை விரலால் பிரித்துவிடுங்கள், பிரிய மறுத்தால் வெட்டிவிடுங்கள். சுற்றிய வேர் சுற்றியபடியே தடிக்கும். ஐந்தாறு வருசம் நன்றாக நிற்கிற மரம் ஒரு காற்றில் பட்டென்று சாய்வதற்கு அது ஒரு காரணம். அந்த ஆத்தா பையைத் திருப்பிப் பார்த்தது அதற்குத்தான்.

குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம். இரண்டு வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய எரு ஒரு கூடை கலந்து போடுங்கள். பச்சைச் சாணம் போட்டால் கரையான் வரும். கன்று பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் தரையிலும் இருக்கட்டும். தண்டை ஆழப் புதைக்கிறவர்கள், நன்றாக நிற்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள். அது அழுகும். சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்குங்கள். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, சணலைத் தளர்வாக எட்டுப் போல் கட்டுங்கள்.

அப்புறம் ஆடு. எங்கள் ஊரில் மரத்துக்கு முதல் எதிரி வெயில் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் மதியம் எங்கள் தெருவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கம்பிக் கூண்டு வாங்கக் காசு இல்லையென்றால் பனங்கருக்கு மட்டையை நாலு பக்கமும் நட்டு, இலந்தை முள் வைத்து அடையுங்கள். செலவு இல்லை, இரண்டு வருசம் தாங்கும். ஆடு வளர்க்கிறவர் உங்கள் பக்கத்து வீடு என்றால் அவர் கையிலும் ஒரு கன்று கொடுத்து நட வையுங்கள்.

தண்ணீர் இரண்டு கோடைக்கு ஊற்ற வேண்டும். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதைவிட, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம் நிதானமாக ஊற்றுவது நல்லது. அப்போதுதான் வேர் கீழே இறங்கும். கன்றைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் கீழே பார்க்க அடுக்கி, அதன் மேல் தென்னை ஓலையைப் போட்டுவிட்டால் ஈரம் நிற்கும். மூன்றாவது கோடையில் பெரும்பாலான நாட்டு மரங்கள் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

பனங்கன்று கிடைக்குமா?

கிடைக்காது. பனையைப் பையில் வளர்க்கவே கூடாது. விதை முளைத்ததும் முதலில் கீழே போகும், கிழங்கு விட்டு வேர் இறக்கிய பிறகுதான் மேலே இலை காட்டும். பை அதற்குப் பத்தாது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டை சேகரித்து வைப்போம். அதை இலவசமாகவே எடுத்துப் போகலாம். எங்கள் மேசையில் காசு வாங்காமல் தருவது அது ஒன்றுதான். எட்டுப் பத்தடிக்கு ஒன்றாக, ஓரடிக்குள் புதைத்துவிட்டு வந்துவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு மாட்டுக்கும் பெரிதாகப் பயப்பட வேண்டாம். காய்ப்புக்கு வரப் பதினைந்து வருசமாவது ஆகும். தை மாதம் யாரும் கிழங்கு பிடுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

ஆல், அரசு, அத்தி?

விதையிலிருந்து கொண்டுவருவது சிரமம். பறவை தின்று எச்சமிட்டுச் சுவரிலும் கிணற்றிலும் முளைத்தவற்றை வேரோடு எடுத்துப் பையில் தேற்றி வைத்திருப்போம். பழைய கட்டடத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிப் போடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். ஆலுக்கும் பூவரசுக்கும் போத்து நடுவது சுலபம். கைத்தடிமனுக்குக் கிளையை ஆறடி நீளம் வெட்டி, மழை ஈரத்தில் இரண்டடி ஆழம் இறக்கி, மேல்முனையில் சாணி அப்பிவிட்டால் துளிர்க்கும்.

சந்தனம் வைத்தால் கோடீஸ்வரன் ஆகலாமாமே?

ஆசை காட்டுகிறவர்கள் நிறைய. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வாழும் மரம். தனியாக வைத்தால் ஏங்கிப் போகும். பையிலேயே பொன்னாங்கண்ணி மாதிரி ஒரு துணைச்செடி வேண்டும், நிலத்தில் முதலில் துவரையோ அகத்தியோ வேண்டும், பிறகு நீண்ட காலத்துக்கு ஒரு மரம் வேண்டும். சொந்த நிலத்தில் வளர்க்கலாம். வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். வைரம் பாயப் பல வருசம் ஆகும், அதுவரை திருட்டு பயம். ஒன்றிரண்டு ஆசைக்கு வையுங்கள். கடன் வாங்கி வைக்காதீர்கள்.

விதை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

சுற்று ஊர்களில் நிற்கிற பழைய மரங்களிலிருந்து. புயலில் விழாமல் நின்ற மரங்களைக் குறித்து வைத்திருக்கிறோம், முதலில் அவற்றிடம்தான் போவோம். கோயில் காட்டில் எடுப்பதென்றால் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுக்கொண்டு, கீழே விழுந்ததை மட்டும் பொறுக்குவோம். சில காடுகளில் ஒரு சுள்ளியைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது என்று கட்டுப்பாடு. அங்கே எடுப்பதில்லை. அந்தக் கட்டுப்பாடு இருந்ததால்தான் அந்தக் காடு இன்னும் இருக்கிறது.

வேம்பு, நாவல், இலுப்பை, பலா இவற்றின் விதை நாள்பட்டால் முளைக்காது. பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் ஆற்றி, இரண்டு மூன்று நாளில் போட்டுவிடுவோம். வாகை, கொன்றை விதையின் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊற விட வேண்டும்.

கண்மாய்க் கரையில், ரோட்டோரத்தில் நட ஆசை. கன்று தருவீர்களா?

அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். கண்மாய் என்றால் ஊராட்சி ஒன்றியமா நீர்வளத் துறையா என்று முதலில் விசாரியுங்கள். கரையின் மேலும், மடைக்குப் பக்கத்திலும் பெரிய மரம் வைக்க வேண்டாம். அந்த மரம் என்றைக்காவது செத்து வேர் மக்கினால் கரைக்குள் ஓட்டை விழும், தண்ணீர் அந்த வழியே கசியும். நீர்மருது, நாவல், புங்கன் இவற்றைக் கரைக்கு வெளிப்பக்கம், அடிவாரம் தாண்டி வையுங்கள். ரோட்டோரம் என்றால், அகலப்படுத்தும் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்து வருசம் வளர்த்த மரத்தை வெட்டக் கொடுக்கிற வேதனை பெரிது.

வாங்கிய கன்று பட்டுப்போனால்?

அடுத்த வருசம் வேறு கன்று தருவோம், காசு வேண்டாம். ஆனால் எப்படிப் பட்டது என்று சொல்ல வேண்டும். ஆடா, கரையானா, தண்ணீர் தேங்கியதா, ஊருக்குப் போயிருந்தீர்களா. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, திட்ட மாட்டோம். நோட்டில் எழுதிக்கொள்வோம். உப்புத் தண்ணீர் இருக்கிற தெருக்களில் எது நிற்கிறது என்பதையெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டோம். புன்னையும் பூவரசும் நின்றன.

கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதிலாகக் கன்று கொடுக்க நினைக்கிறோம்.

நல்ல எண்ணம். ஆளுக்கு ஒன்றாக நீட்டாமல், வாசலில் ஒரு மேசை போட்டு ஏழெட்டு வகை அடுக்கி, பெயர்ப் பலகை வைத்து, வேண்டுகிறவர்கள் தேர்ந்தெடுக்க விடுங்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சின்னப் பை. மீந்த கன்றுகளை நாங்கள் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊரிலும் இப்படி ஆரம்பிக்க வேண்டும். என்ன தேவை?

நிழல் உள்ள அரை சென்ட் இடம், வற்றாத தண்ணீர், தினமும் வந்து பார்க்கும் இரண்டு பேர். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னது கிடைத்த பிறகு ஆரம்பியுங்கள். முதல் வருசம் 500 பைக்கு மேல் போக வேண்டாம். உங்கள் ஊரிலேயே விதை கிடைக்கிற ஐந்து மரம் போதும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு. பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை பையை இடம் மாற்றி வைத்தால் வேர் தரைக்குள் போகாது.

பையில் மரத்தின் பெயரை எழுதுங்கள். தமிழில், பெரிய எழுத்தில், மழையில் அழியாத மையில். பக்கத்திலேயே அது எத்தனை அடி வளரும், எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு வரி.

ஆனி மாதம் எங்கள் ஊர் அய்யனார் கோயில் வேம்புகள் பழுத்து உதிரும். காலை ஆறு மணிக்குப் பொறுக்கப் போவோம். நேரில் வந்து கலந்துகொண்டால் மற்றதையெல்லாம் பேசிக்கொள்ளலாம். ஒரு சாக்கும், தண்ணீர் பாட்டிலும் கொண்டு வாருங்கள்.